பஸ் வரும் பக்கம்

ஜனவரி 5, திங்கள்

இன்று ஓர் ஆட்டோ வானத்திலிருந்து குதித்தது. நான் என் பாட்டுக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். இடது பக்கம் ஒன்றுமே இல்லை. அடுத்த நொடி முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி மஞ்சளாக ஒரு சுவர். டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யம்மா, ஹாரன் அடிச்சிக்கினேதானே வரேன், காது கேக்கலியா?" என்றான். காது நன்றாகவே கேட்கிறது. இந்தச் சென்னையில் ஹாரன் அடிக்காமல் வருகிறவன் எவன்? அதில் உன் ஹாரனை நான் எப்படிப் பிரித்து எடுப்பது? இதை அவனிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

என் கண்ணும் நன்றாகவே இருக்கிறது. ஓய்வு பெறும் வரை பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்தவள் நான். செண்பகவல்லி பார்த்த பக்கம் என்றால் அச்சகத்தில் மறுபடி புரட்டிப் பார்க்க மாட்டார்கள். இப்போதும் ஊசியில் ஒரே தடவையில் நூல் கோத்துவிடுவேன். திருத்துவதற்குத் தாள் இல்லாத கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்த டைரி. என் பிழைகளை நானே பார்த்துக்கொள்கிறேன்.

பால் பூத் திருப்பத்தில், தினமும் என்னோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்த ரெஜினா இன்றும் இல்லை. நான் நிற்கவும் இல்லை.

ஜனவரி 8, வியாழன்

கே.கே. நகருக்குள் காலை ஆறு மணிக்கே பள்ளி வேன்கள் கிளம்பிவிடுகின்றன. தண்ணீர் லாரி, பால் வண்டி, சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள், எல்லோருக்கும் நடுவில் என் பச்சை லேடீஸ் சைக்கிள். வீட்டிலிருந்து பூங்கா, பூங்காவிலிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து வீடு. என் கணவர் போன பிறகு இந்தச் சுற்று இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

பூங்காவுக்குள் சைக்கிள் விட மாட்டார்கள். வாசலில் வாட்ச்மேன் ஜம்புலிங்கத்தின் அறைக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். இன்று நான் பூட்டுப் போடும்போது அவர், "டீச்சரம்மா திரும்பிப் போயிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். ரெஜினாவைச் சொல்கிறார். அவள் எப்போது வந்தாள்? நான் தனியாகத்தான் வந்தேன் என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்கும் வயதாகிறது.

பூங்காவில் மனிதர்கள் மாறிவிட்டார்கள். நடைபாதையை ஒட்டின பெஞ்சுகளில் தினமும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். ரிடையர் ஆனவர்களும் அவர்கள் மனைவிமார்களும். முன்பெல்லாம் "என்ன மேடம், இன்னிக்கு எத்தனை ரவுண்டு?" என்பார்கள். இப்போது ஒருவர்கூட வாயைத் திறப்பதில்லை. ஒற்றைப் பெண்பிள்ளையிடம் என்ன பேச்சு என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. நினைத்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

சமையலறை நிலைப்படியில் இடது தோளை இடித்துக்கொண்டேன். இந்த வாரத்தில் இரண்டாவது தடவை. கட்டினவன் கோணலாகக் கட்டியிருக்கிறான்.

ஜனவரி 15, பொங்கல்

கரும்பை சைக்கிள் கேரியரில் நீளவாக்கில் கட்டிக்கொண்டு வந்தேன். பைக்கில் போன ஒருவன் "மேடம், கம்பை எடுத்துக்கிட்டு யாரை அடிக்கக் கிளம்பிட்டீங்க?" என்று சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. இன்று என்னிடம் நேரில் பேசிய ஒரே ஆள் அவன்தான்.

புனேயிலிருந்து தேன்மொழி வீடியோவில் வந்தாள். "அம்மா, சைக்கிளை விட்டுத் தொலையேன். டிராஃபிக்கைப் பாத்தா எனக்கு பக்குன்னு இருக்கு" என்றாள். பெற்ற மகளிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? "பொங்கல் எப்படிப் பொங்கிச்சு பாரு" என்று கேமராவைப் பானைப் பக்கம் திருப்பிவிட்டேன்.

இரண்டு பேருக்குச் செய்துவிட்டேன். போன வருஷப் பொங்கலுக்கு ரெஜினா இங்கேதான் சாப்பிட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவள். ஆயிரம் பிள்ளைகளை ஒரு விசிலில் நிறுத்தியவள், பஸ்ஸைக் கண்டால் நடுங்குவாள். அதனால் நாங்கள் சேர்ந்து சைக்கிளில் போகும்போது பஸ் வரும் பக்கம் என்னுடையது, ஓரம் அவளுடையது. பால் பூத் சந்திலிருந்து வந்து என் இடது கைப் பக்கம் சேர்ந்துகொள்வாள். ஆறு வருஷம் அப்படித்தான் போனோம்.

சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. போன நவம்பரில் ஒரு பதிப்பகத்தில் பகுதிநேர வேலைக்குக் கூப்பிட்டார்கள். நான் கிளம்பி சைக்கிளில் ஏறி இரண்டு மிதி மிதிப்பதற்குள், பின்னாலிருந்து "செண்பகா! டிபன் பாக்ஸை விட்டுட்டுப் போற!" என்று ரெஜினாவின் கூச்சல். நல்ல காரியத்துக்குப் போகும்போது யாராவது முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவார்களா? அங்கே ஒரு சோதனைப் பக்கம் கொடுத்தார்கள். இரண்டு பத்தி. வலது பக்கப் பத்தியில் ஒரு பிழைகூட விடவில்லை. இடது பக்கப் பத்தியில் ஏழு விட்டுவிட்டேனாம். அங்கே இருந்த ஒரு சின்னப் பெண் பக்கத்தை என் முன்னால் வைத்து சிவப்பு மையில் வட்டம் போட்டுக் காட்டினாள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு அவமானம் பட்டதில்லை.

அந்த ஆத்திரத்தில் ரெஜினாவிடம் சொன்னேன். "நீ பின்னால கூப்பிட்டதுதான் காரணம். இனிமே போற வழியில என் பேரைச் சொல்லிக் கூப்பிடாதே." அவள் கிறிஸ்தவச்சி, இதிலெல்லாம் அவளுக்கு நம்பிக்கை இல்லை. முகம் சுண்டிப்போய்விட்டது. "சரி, கூப்பிடல" என்றாள். அதோடு சரி. இதற்குப் போய் ஒருத்தி வராமல் இருப்பாளா? இருக்கிறாளே.

மீந்த பொங்கலை ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஜனவரி 22, வியாழன்

மார்க்கெட்டில் ரெஜினாவைப் பார்த்தேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தாள். என் பக்கமாக இரண்டு எட்டு வைத்தாள். சரி, பேசத்தான் வருகிறாள் என்று சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். பேசப் பிடிக்கவில்லை என்றால் அங்கேயே முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். கிட்டே வருகிற மாதிரி வந்து மறைந்துபோவது என்ன பழக்கம்?

கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஜம்புலிங்கம் சொன்னார்: "டீச்சரம்மா மாசக் கடைசில கோயம்புத்தூர் போறாங்களாமே. மகன் வீட்டோடயே போயிடறாங்களாம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும், தெரியும்" என்றேன்.

தெரியாது. அவள் மகன் எட்வின் அம்மாவை அங்கே கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இவள்தான் "சென்னைய விட்டு வரமாட்டேன், செண்பகா இங்க இருக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதுபடச் சொல்லியிருக்கிறாள்.

பூங்காவை ஒரு சுற்றுகூட முடிக்காமல் திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

அவளே வந்து சொல்லட்டும். ஊரை விட்டுப் போகிறவள் அவள்தானே. நான் எங்கும் போகவில்லை. தினமும் அதே நேரம், அதே ரோடு, அதே பச்சை சைக்கிள். தேடுவதற்கு ஒரு கஷ்டமும் இல்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

பால் பூத்தில் வேகத்தைக் குறைத்தேன். பால் வாங்குவதற்காக. அங்கிருந்து பூங்கா வரை யாரோ விடாமல் சைக்கிள் மணி அடித்துக்கொண்டே வந்தார்கள். ஒதுங்கி வழிவிட்டேன். தாண்டிப் போகவும் இல்லை, அடிப்பதை நிறுத்தவும் இல்லை. சிலருக்கு இது ஒரு பொழுதுபோக்கு. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. ரோட்டில் நேராகப் பார்த்துப் போனால் பாதித் தொல்லை குறைவு.

பிப்ரவரி 13, வெள்ளி

மறுபடி அதே மணி. அப்புறம் நின்றுவிட்டது.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஒரு பள்ளிக்கூடப் பையன் இடது பக்கமிருந்து பைக்கில் வந்து என் ஹேண்டில்பாரில் உரசிவிட்டு, "பாட்டி, பாத்து வாங்க" என்றான். பாட்டியாம். எனக்கு அறுபத்தொன்று. முழங்கையில் சிராய்ப்பு. மஞ்சள் வைத்தேன்.

இப்போதெல்லாம் எல்லாரும் இடது பக்கமாகவே வந்து விழுகிறார்கள். வாகனம் ஓட்டும் ஒழுக்கமே போய்விட்டது. பத்திரிகைக்கு எழுதலாமா என்று பார்க்கிறேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

அவள் தெரு வழியாகப் போனேன். அந்தப் பக்கத்துக் கடையில் வெல்லம் நன்றாக இருக்கும். வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகள். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவளுடைய நீலப் புடவை. மணியை அடித்திருந்தால் எட்டிப் பார்த்திருப்பாள். விரல் மணியின் மேல்தான் இருந்தது.

அடிக்கவில்லை. வெல்லமும் வாங்கவில்லை.

பிப்ரவரி 28, சனி

நேற்றே மாவு அரைத்து வைத்து இன்று காலை முறுக்கு சுட்டேன். ரயிலில் கொறிக்க ஆகும். மானம் ரோஷமெல்லாம் பார்த்தது போதும் என்று தோன்றியது. பையை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனேன். வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரப் பெண், "நேத்தே போயிட்டாங்களே ஆன்ட்டி. உங்ககிட்ட சொல்லலியா?" என்றாள்.

"சொன்னா, நான்தான் தேதியை மறந்துட்டேன்" என்றேன்.

ஆறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் வந்தவள் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். ரோட்டிலேயே அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட் போட்டவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அழுதால் தெரியாது. நான் முந்தானையால் துடைத்துக்கொண்டே ஓட்டினேன்.

மார்ச் 5, வியாழன்

இளநீர் வண்டியில் மோதி விழுந்தேன்.

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மற்றதெல்லாம் ஓடிவந்து மோதியவை. இது நின்றுகொண்டிருந்த வண்டி. இளநீர்க்காரர்தான் என்னைத் தூக்கி உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார். "எங்கேயிருந்து வண்டியைக் கொண்டாந்து நிறுத்தினீங்க?" என்று கேட்டேன்.

"அக்கா, நான் விடியக்காலேலேருந்து இங்கதான்க்கா நிக்கறேன். நேத்தும் இங்கதான். நீங்க தெனம் என்னைத் தாண்டித்தானே போறீங்க?"

அவரை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை.

முன்சக்கரம் வளைந்துவிட்டது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வீடு வரை அவரே வந்தார். தேன்மொழியிடம் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். சுவரில் மாட்டின எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்தேன். சோதனை செய்த பெண் "சூப்பர்" என்றாள். நான் சொல்லவில்லையா?

அப்புறம் ஒரு இருட்டறை. ஒரு மெஷினில் தாடையை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது சின்ன வெளிச்சம் தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். மெஷின் சரியில்லை. ரொம்ப நேரத்துக்கு ஒரு தடவைதான் வெளிச்சம் வருகிறது. வலது கண் பரவாயில்லை. இடது கண்ணுக்கு வைத்தபோது அனேகமாக வெளிச்சமே வரவில்லை. "மா, இது வேலை செய்யலியே" என்றேன்.

"செய்யுதும்மா. நீங்க புள்ளியையே பாருங்க" என்றாள் அந்தப் பெண். குரல் மாறியிருந்தது.

மார்ச் 11, புதன்

கண்ணுக்குள் நீர் அழுத்தமாம். பேர் க்ளாக்கோமா. வலி இருக்காது, சத்தம் இருக்காது. ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு வருமாம். இடது கண்ணில் நடுவே கொஞ்சம்தான் மிச்சம். வலது கண்ணில் இப்போதுதான் ஆரம்பம்.

"எனக்கு ஓரத்துல கறுப்பா ஒண்ணும் தெரியலியே டாக்டர். எல்லாம் முழுசாத்தானே தெரியுது" என்றேன்.

டாக்டர் என் வயதுக்காரர். "கறுப்பாத் தெரியாதும்மா. தெரியாத இடத்தை மூளையே ரோடு, மரம்னு ஏதாவது போட்டு நிரப்பிக்கும். ஆள் இருந்தாலும் இல்லாத மாதிரிதான் இருக்கும்" என்றார். "போனது திரும்பி வராது. இருக்கறதை சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்திக்கலாம். சைக்கிள் மட்டும் வேண்டாம்."

தினமும் இரவு ஒரு சொட்டு.

மார்ச் 12, வியாழன்

எங்கும் போகவில்லை.

மார்ச் 14, சனி

பூங்காவுக்கு நடந்து போனேன். டாக்டர் சொன்ன மாதிரி தலையை முழுசாக இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்து நடந்தேன். பெஞ்சு வரிசை இடது பக்கம்தான். முதல் பெஞ்சில் ஒரு கருப்புச் சட்டைக்காரர் கையைத் தூக்கினார். அடுத்த பெஞ்சில் அவர் மனைவியும் இன்னொரு அம்மாளும் தலையை ஆட்டினார்கள். நான் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். கருப்புச் சட்டைக்காரர் எழுந்தே விட்டார்.

"என்ன மேடம், ரொம்ப நாளா எங்களைக் கண்டுக்கவே மாட்டேங்கறீங்க? நாங்க தெனமும் வணக்கம் சொல்லிட்டுதான் இருக்கோம். சரி, பெரிய இடம்னு விட்டுட்டோம்" என்று சிரித்தார்.

கண்ணைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் ஜம்புலிங்கம் அன்று கேட்டது நினைவுக்கு வந்தது. எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

"ஜம்புலிங்கம், டீச்சரம்மா திரும்பிப் போயிட்டாங்களான்னு ஒரு நாள் கேட்டீங்களே. எதுக்குக் கேட்டீங்க?"

அவர் என்னையே பார்த்தார். "எதுக்கும்மா இப்ப? உங்க கூட வந்தாங்க, கேட்டேன். அன்னிக்கு மட்டுமா? ரெண்டு மூணு தடவை உங்க பக்கத்துலயே ஓரமா வருவாங்க. கேட் வரைக்கும் வந்துட்டு, நீங்க எறங்கறதுக்குள்ள அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. கடைசியா ஊருக்குப் போற அன்னிக்குக் காலைலகூட. முகம் நல்லா இல்ல. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லன்னு நெனச்சு நான் வாயத் தொறக்கல."

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்திருப்பாள் என்று கணக்குப் பண்ணி ரெஜினாவுக்கு ஃபோன் செய்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்து, "என்ன?" என்றாள். அந்தக் குரலில் ஆயிரம் பிள்ளைகள் நின்றிருப்பார்கள்.

நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. ஆட்டோ, நிலைப்படி, இளநீர் வண்டி, மெஷின், டாக்டர் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபோன் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்று, "இருக்கியா?" என்றேன்.

"உன் பக்கத்துலயேதான் வந்தேன்" என்றாள். "பால் பூத்துலேருந்து. கைய ஆட்டினேன். மணி அடிச்சேன். நீ ஒதுங்கி வழி விட்ட. என் மூஞ்சியக்கூடப் பாக்கல. அவ்வளவு வெறுத்துட்டாளான்னு நெனச்சேன்டி."

"கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"கூப்பிடாதேன்னு நீதானே சொன்ன."

மார்க்கெட்டில் அவள் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாளாம். நான் எதிரே பார்த்துக் கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருந்தேனாம். தன்னைத் தவிர்க்கத்தான் அப்படிச் செய்கிறேன் என்று போய்விட்டாளாம். மன்னித்துக்கொள் என்றேன். யாரிடமும் எளிதில் சொல்கிற வார்த்தை இல்லை அது எனக்கு. இவளிடம் சொல்லக் கஷ்டமாக இல்லை.

பேரன் பேத்தி, புது ஊரின் தண்ணீர் ருசி, அங்கே பேசுவதற்கு ஆள் இல்லாதது என்று ஏதேதோ சொன்னாள். எட்வினிடம் கேட்டு ஈஸ்டர் கழித்து ஒரு வாரம் வரப் பார்க்கிறேன் என்றாள். அவன் விட வேண்டும், ரயிலில் இடம் கிடைக்க வேண்டும். நிச்சயம் இல்லை என்று அவளும் சொன்னாள், எனக்கும் தெரியும்.

"சரி, நான் வந்தா எந்தப் பக்கம் வந்தா உனக்குத் தெரியும்?" என்றாள்.

"வலது பக்கம்."

"அது பஸ் வர்ற பக்கமாச்சே செண்பகா. சரி, பரவால்ல. வர்றேன்."

"பஸ்ஸெல்லாம் வராதுடி. நடந்துதான் போகணும். சைக்கிள் இனிமே கிடையாது."

"கிடையாதா?"

"கிடையாது."

அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆறு வருஷத்தில் ரெஜினா அழுது நான் கேட்டதில்லை. ஃபோனை வைத்துவிடாமல் அவள் அழுது முடிக்கும் வரை காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.